ஆறு அம்பியர் போதும் என்றவன்

எண்ணத் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று நாற்பத்திரண்டு வயதுவரை நம்பியிருந்தேன். தோட்ட ஆபீசில் பதினெட்டு வருடம் கிளாக்கர் வேலை. வீட்டில் படி ஏழு, ஜன்னல் ஐந்து, உடைந்த ஓடு மூன்று (இன்றைக்கும் மூன்றுதான்). இப்படிப்பட்டவனை வீழ்த்தியது ஒரு சின்ன எண்.

எண்பதுகளின் கடைசி. மாத்தளைக்குப் பக்கத்தில் உக்குவளையில் குடியிருந்தோம். குவைத்திலிருந்து வந்த மச்சான் தன் அக்காவுக்கு, அதாவது என் மனைவி கமலாவுக்கு, கேக் சுடும் மின்சார அடுப்பு ஒன்று கொண்டுவந்தான். உடனே பக்கத்து வீட்டு ஹனீபா நாநா, தன் மகள் நஸீராவின் நிக்காஹுக்குக் கமலாதான் கேக் செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டார். அவளுடைய முதல் பெரிய கேக். அரசை எதிர்த்த கிளர்ச்சிக்காரர்களின் மிரட்டலில் கடைகள் பாதி நாள் மூடிக்கிடந்த காலம். முப்பது முட்டை சேர்க்க அவளுக்கு ஒன்பது நாள் பிடித்தது. கெட்டுப்போனால் இன்னொரு முப்பதுக்கு வழியில்லை.

அடுப்பின் பிளக்கில் மூன்று தடித்த குச்சிகள். எங்கள் சுவரில் இருந்ததோ இஸ்திரிப் பெட்டிக்கே மூச்சுவாங்கும் ஐந்து அம்பியர் ஓட்டைகள். வயரிங் வேலை செய்யும் சிறிபால பாஸ் (கைத்தொழில்காரர் எல்லோரும் அங்கே பாஸ்தான்) வந்து அடுப்பின் முதுகைப் பார்த்தார். மூவாயிரம் வாட்.

"மாத்தயா, பதினஞ்சு அம்பியர் பிளக் பொயின்ட் ஒண்ணு, இருபது அம்பியர் பிரேக்கர் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. தடிச்ச வயர் நான் கொண்டாறேன்."

மாத்தளைக் கடையில் பிளக் பொயின்ட் சிக்கலில்லை. குச்சி நுழையவேண்டுமே, பதினைந்தே வாங்கினேன். குழம்பியது பிரேக்கரில்தான். ஆறு, பத்து, இருபது, முப்பத்திரண்டு என்று கடைக்காரர் வரிசையாக வைத்தார். எண் கூடக்கூட ஆபத்தும் கூடுவதாக எனக்குப் பட்டது. இருபது அம்பியரும் வீட்டுக்குள் வந்தால் எங்கே போய் நிற்கும்? இரண்டு பெண்பிள்ளைகள் இருக்கிற வீடு! (காய்ச்சல் மருந்தையே அரைக் கரண்டிக்கு மேல் குடிக்காதவன் நான்.) ஆறை வாங்கினேன்.

பாஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது பத்தாது மாத்தயா. அடுப்பு பதிமூணு இழுக்கும். இது விழுந்து கரண்ட்டை வெட்டிரும்."

"விழட்டுமே பாஸ். பாதுகாப்புத்தான் முக்கியம்."

"அடுப்பு சூடாக வேணாமா?"

"மெதுவா சூடாகட்டும்."

அவர் என்னை ஒருமுறையும் கமலாவை இரண்டுமுறையும் பார்த்தார். "மாத்தயா வீடு, மாத்தயா இஷ்டம்," என்று மாட்டிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

நிக்காஹுக்கு முதல் நாள், காலை பத்து மணி. கேக் தட்டு நான்கும் தயார். கமலா அடுப்பைப் போட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. எண்ணத் தொடங்கினேன். ஐம்பத்தெட்டில் 'டக்'. விளக்கு அணைந்தது.

அந்த நாட்களில் திடீரென்று கரண்ட் போனால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான்: எங்கோ கிளர்ச்சிக்காரர்கள் ட்ரான்ஸ்போமரை உடைத்துவிட்டார்கள், அடுத்து என்ன நடக்குமோ. பாஸ் சொன்னதில் ஒரு சொல்கூட நினைவுக்கு வரவில்லை. ஐந்து ஜன்னலையும் சாத்தினேன். பிள்ளைகளைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

"என்னங்க, பக்கத்து வீட்ல ரேடியோ பாடுதே," என்றாள் கமலா.

"அது பேட்டரி!"

"நம்ம ஃபேன் சுத்துதே."

அண்ணாந்து பார்த்தேன். சுற்றியது. கரண்ட் இருக்கிறது, கரண்ட் இல்லை. "அது... போன கரண்ட்டோட வேகத்துல சுத்துது," என்றேன்.

"கால்மணி நேரமாவா?"

அப்போது கதவு தட்டப்பட்டது.

"வீட்ல யாரும் இல்லீங்க!" என்று கத்தினேன்.

வெளியே ஹனீபா நாநாவின் குரல்: "அப்ப பேசுறது ஆரு, கிளாக்கர்? பட்டப்பகல்ல சாவு வீடு மாதிரி எல்லாம் சாத்தி ஈக்கி. ஆராச்சும் மௌத்தா?"

கமலா கதவைத் திறந்தாள். மிளகாய் அரைக்கும் மில் நடத்தியவர் நாநா. நேரே போய்ப் பிரேக்கரின் விழுந்த நாக்கை மேலே தள்ளினார். அடுப்பு எரிந்தது. நாற்பதில் 'டக்'. மறுபடி தள்ளினார். இருபத்தைந்தில் 'டக்'. குனிந்து அந்த ஆறைப் படித்தார்.

"இது பல்புக்கு வாங்கினதா?"

தட்டுகளில் நுரைத்து நின்ற மாவு அடங்கத் தொடங்கியிருந்தது. கமலாவின் கண் கலங்கியிருந்தது. அவள் திட்டியிருந்தால் தேவலை.

நாநா இரண்டு தட்டைத் தூக்கினார். நான் இரண்டு. சந்திப் பேக்கரிக்கு முந்நூற்றுப் பத்துக் காலடி, நடக்கவில்லை, ஓடினோம். பாண் சுடும் விறகுப் போறணையில் எங்கள் கேக்கைத் தள்ளினார்கள். பின்னாலேயே வந்த கமலா, வெளியே எடுக்கும்வரை போறணை வாசலைவிட்டு நகரவில்லை. மேலே கொஞ்சம் கருகியிருந்தது. சுரண்டி எடுத்து ஐசிங் பூசினாள். மறுநாள் பந்தலில் ஒரு துண்டு மிஞ்சவில்லை.

அடுத்த வாரமே இருபது அம்பியர் வந்துவிட்டது. கமலாவே போய் வாங்கிவந்தாள்.

நஸீராவுக்கு இப்போது மூன்று பிள்ளைகள். பெருநாளுக்குப் பெருநாள் கேக் வாங்க வரும்போதெல்லாம் அவள் கேட்பாள்: "கமலாக்கா, எண்ட கல்யாணக் கேக்ல ஒரு மெல்லிசான புகை வாசம் வந்திச்சே, அதுக்கு என்ன போட்டீங்க? பொறகு ஒருநாளும் அது வரல்லியே!"

கமலா என் பக்கம் திரும்பாமலே சொல்வாள்: "அது லேசில வராதும்மா. அதுக்கு இவரைக் கடைக்கு அனுப்பணும்."