நாத்தனார் வீட்டுச் சுவருக்கு ஒரு குயில்ட்

பார்வை மங்கினவர்களுக்குக் கண்ணாடி இருக்கிறது. பார்வை அளவுக்கு மீறிப் போனவர்களுக்கு ஒரு வைத்தியமும் கிடையாது. எனக்கு இரண்டாவது வியாதி.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஷேடு பார்க்கிற வேலை எனக்கு. வலது கால் ஷூவும் இடது கால் ஷூவும் ஒரே நிறமா என்று பார்க்க வேண்டும். நீங்கள் 'பிரவுன்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிற இடத்தில் நான் டேன், டார்க் டேன், கேமல், காபி என்று தினமும் குடும்பம் நடத்துகிறேன். மயிரிழை மாறினாலும் ஜோடி ரிஜெக்ட். (சூப்பர்வைசரே என்னிடம் கொஞ்சம் பயப்படுவார். அந்தத் திமிர்தான் எல்லாத்துக்கும் காரணம்.)

இப்படிப்பட்டவள் யூடியூபில் ஆர்ட் குயில்ட் என்று ஒன்றைப் பார்த்தால் சும்மா இருப்பேனா? துண்டு துணிகளைச் சேர்த்துத் தைத்துச் சுவரில் மாட்டுகிறார்கள். அப்ஸ்ட்ராக்ட்டாம். பூ கிடையாது, மயில் கிடையாது. நிறமும் நிறமும் மோதிக்கொள்வதுதான் படமே. கான்ட்ராஸ்ட் என்றால் உடனே சிவப்பும் பச்சையுமா? அது பொங்கல் கோலம். நான் பிரவுனுக்குள்ளேயே மோதவிடுவது என்று முடிவு செய்தேன்.

அந்தச் சமயம் பார்த்து என் நாத்தனார் கல்பனா குடியாத்தத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தாள். என் கணவர் வீட்டில் எல்லாரும் லுங்கி நெய்கிறவர்கள். கட்டம் என்றால் தெருமுனையில் நின்றாலும் தெரிய வேண்டும் என்கிற ஜாதி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, 'அண்ணிக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியுமா?' என்பதுதான் அங்கே என்னைப் பற்றிய ஒரே கேள்வி. இந்தத் தடவை வாயை அடைக்கிறேன் பார் என்று, "ஹால் சுவரை எனக்கு விட்டுடு, நானே ஒண்ணு தைச்சு எடுத்துட்டு வர்றேன்" என்று சொந்தபந்தம் முன்னாடி வாக்குக் கொடுத்துவிட்டேன். பாவம், அவளும் டிவி வைக்கிற இடத்தைக்கூட வேறு பக்கம் மாற்றிவிட்டு அந்தச் சுவரைக் காலியாக வைத்திருந்தாள்.

மாமனார் தறியிலிருந்து வெள்ளைத் துணி வாங்கி, வீட்டில் இருந்த ஒரே பெரிய குண்டானில் சாயம் காய்ச்சினேன். மாதக்கணக்கில் தைத்தேன். ஒவ்வொரு பிரவுனும் பக்கத்து பிரவுனோடு வரப்புச் சண்டை போட்டது. கணவரிடம் விரித்துக் காட்டினேன்.

"நல்லாதான் இருக்குது. மேல டிசைன் எப்போ போடுவே?"

"டிசைனே அதுதாங்க!"

"ஓ" என்றார். அந்த 'ஓ'விலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

கிரகப்பிரவேசத்தன்று விடியற்காலையில் குயில்ட்டைச் சுருட்டி ஹால் ஓரத்தில் சாய்த்துவிட்டு, ஆணி அடிக்க ஆள் தேடி மாடிக்குப் போனேன். அதற்குள் மாடும் கன்றும் வந்துவிட்டன. உள்ளே பளபளவென்று புது டைல்ஸ். மாட்டுக்காரர் வாசலிலேயே நின்று, "தரை வழுக்குதும்மா, மாடு கால் ஒடிச்சிக்கும். சாக்கு கீக்கு எதுனா போடுங்க" என்றிருக்கிறார்.

நான் இறங்கி வந்தபோது என் குயில்ட் ஹால் நடுவில் விரிந்து கிடந்தது. அதன் எதிரில் மாடு.

"ஐயோ கல்பனா! இன்னா வேலை பண்ணிட்டே!"

"இன்னா அண்ணி? நீங்க சுத்தி எடுத்துட்டு வந்த துணிதானே? உள்ள இருந்த படத்தை எங்க வெச்சீங்க?"

"அதாண்டி படம்!"

ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். கல்பனா குனிந்து துணியைப் பார்த்தாள், நிமிர்ந்து காலிச் சுவரைப் பார்த்தாள். "இதுவா? எல்லாம் ஒரே கலரா இருக்குதே, அண்ணி" என்றாள். அழுதுவிடுகிற குரல். கிண்டல் செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"ஒரே கலரா? நல்லா பாரு! இது கேமல், இது டேன், இது..." என்று தரையில் மண்டிபோட்டுப் பாடம் எடுக்க ஆரம்பித்தேன். "முகூர்த்தம் போயிடும்மா, நகருங்க!" என்று ஐயர் கத்தினார். மாட்டுக்காரர் கயிற்றை இழுத்தார். மாடு வரவில்லை. ஓரத்திலேயே நின்று, தலையைத் தாழ்த்தி ஒரு துண்டைப் பார்த்தது. காலை வைக்கப் போய், அடுத்த துண்டைப் பார்த்துப் பின்வாங்கியது.

"இன்னாமோ பள்ளத்தைக் கண்ட மாதிரி மிரளுதே" என்றார் மாட்டுக்காரர்.

"பாத்தீங்களா! மாட்டுக்குத் தெரியுது! மாட்டுக்குத் தெரியுது!" என்று நான் கூவினேன். (ஆமாம், சபை நடுவில். பட்டுப்புடவையில்.)

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்த நேரத்தில் மாடு ஒரு முடிவுக்கு வந்தது. நடுவில் ஏறி நின்று, கேமலும் டேனும் சேருகிற இடமாகப் பார்த்து, நிதானமாகக் கோமியம் விட்டது. வீடே சிலிர்த்துவிட்டது. "மகாலட்சுமியே வந்துட்டா!" என்று மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஊரே சந்தோஷப்படுகிற இடத்தில் நான் எங்கே போய் அழுவது? பல்லைக் கடித்துக்கொண்டு நானும் ஒரு கும்பிடு போட்டேன்.

அந்தச் சுவரில் இப்போது ஏழு குதிரை ஓடுகிற கடைப்படம் தொங்குகிறது. குயில்ட்டை அலசி மடித்துக் கல்பனா பீரோவில் வைத்திருக்கிறாள். சொந்தத்தில் யார் வீடு கட்டினாலும் 'ராசியான துணி' என்று வாங்கிப்போய் மாட்டுக்கு விரிக்கிறார்கள். நான் தைத்ததில் இவ்வளவு மரியாதை வேறெதற்கும் கிடைத்ததில்லை, அதைச் சொல்லிக்கொள்ளத்தான் முடியவில்லை.

போன மாதம் வேலூரில் புடவைக் கடைக்குப் போயிருந்தோம். இரண்டு மாம்பழக் கலர் புடவைகளைத் தூக்கிப் பிடித்து, "இது ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியலையா உங்களுக்கெல்லாம்?" என்று எரிந்து விழுந்தேன். கடைப் பையன்கள்கூட முழித்தார்கள்.

கல்பனா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "இருங்க அண்ணி, ஆள் அனுப்பியிருக்கேன். மாடு வந்ததும் கேட்டுக்கலாம்."