கையைக் கட்டி உட்காராத அப்பா

"நிறுத்துங்க!" என்றாள் கதாநாயகி, பாதிப் பாட்டில். "நான் யாரைப் பாத்துப் பாடணும்? உங்களையா, உங்களுக்குப் பின்னால இருக்கற பெரியவரையா?"

இசை நடத்துநர் குச்சியைத் தாழ்த்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். காலி அரங்கின் முதல் வரிசையில், அவளுக்கு நேர் பின்னால், அவளுடைய அப்பா உட்கார்ந்திருந்தார். வலது கை இன்னும் அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது. மாட்டிக்கொண்டது தெரிந்ததும் அதே கையால் தலையைச் சொறிந்துகொண்டார்.

"ஈ ஓட்டினேன் குட்டி," என்றார்.

மேடைக்கு முன்னாலிருந்த பள்ளத்தில் இசைக்குழு மொத்தமும் குனிந்துகொண்டு சிரித்தது. ஏழு நாடுகளில் 'மேஸ்ட்ரோ' என்று அழைக்கப்பட்டவள் ஒரே நொடியில் குட்டியாகிவிட்டாள்.

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிரேனுக்குக் கை காட்டும் வேலை. அவர் கை ஏறினால் இரும்புப் பெட்டி ஏறும், இறங்கினால் இறங்கும். மகள் என்ன செய்கிறாள் என்று யார் கேட்டாலும், "பரம்பரைத் தொழில்தான். நான் இரும்பைத் தூக்கினேன், அவ பாட்டைத் தூக்கறா" என்பார். கண்டக்டர் என்று மட்டும் சொல்லமாட்டார். ஒருமுறை அப்படிச் சொல்லப்போய், எந்த ரூட் என்று கேட்ட நண்பரோடு அவருக்கு இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

மகளும் லேசுப்பட்டவள் இல்லை. ஒரு ஊரில் ஒரு மாதம், அடுத்த ஊரில் இரண்டு வாரம் என்று பல வருஷமாகச் சூட்கேஸில்தான் குடித்தனம். போன இடமெல்லாம் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆனால் எந்த ஊரிலும் அவளுடையது என்று ஒரு வாசற்கதவு இல்லை. இப்போது இசை நாடகங்கள் போடும் இந்த ஆப்பரா அரங்கம் நிரந்தரமாக ஒரு தலைமை நடத்துநரைத் தேடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சியைப் பார்த்துவிட்டு நிர்வாகியம்மா முடிவு சொல்வதாக ஏற்பாடு. கிடைத்தால் ஒரு வீடு, அதில் அப்பாவுக்கு ஓர் அறை. அந்த ஆசையில்தான் அவரை முதல்முறையாகக் கூடவே அழைத்து வந்திருந்தாள்.

"அப்பா, இங்க வேண்டாம். மேல அந்தப் பக்கத்து மாடத்துல போய் உக்காருங்க. அங்கேர்ந்து நல்லாத் தெரியும்."

"நான் உனக்குத் தொந்தரவா இருக்கேனா?"

"சேச்சே. அங்க மெத்தை நாற்காலிப்பா."

மெத்தை நாற்காலி என்றதும் அப்பா மறுபேச்சு பேசாமல் ஏறிப்போனார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது அங்கேதான். மாடத்திலிருந்து அவருக்கு எல்லோரும் நன்றாகத் தெரிந்தார்கள். எல்லோருக்கும் அவரும் நன்றாகத் தெரிந்தார்.

புயல் காட்சியில் பெரிய முரசு இடிஇடிக்க வேண்டிய இடம் வந்தது. இடிக்கவில்லை. முரசுக்காரர் இரண்டு கோல்களையும் தூக்கிப் பிடித்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள் நடத்துநர்.

"அவர்தான் நிறுத்தச் சொன்னாரு மேடம். கையை இறுக்கி மூடிக் காட்டினாரு."

மாடத்திலிருந்து குரல் வந்தது. "மூடின கைன்னா துறைமுகத்துல நிறுத்துன்னுதான் அர்த்தம் குட்டி. ஆனா நான் அதுக்காக மூடல. நீ புயலைக் கிளப்பின வேகத்துல எனக்குப் புல்லரிச்சுப் போச்சு, தானா மூடிக்கிச்சு. தம்பி, நீங்க அடிங்க!"

முரசுக்காரர் உடனே அடித்தார். நடத்துநர் சொல்லாமலே அடித்தார்.

அன்று சாயங்காலத்துக்குள் அப்பா அரங்கம் முழுவதற்கும் உறவாகிவிட்டார். வாசல்காப்பாளரிடமும், உடைகளுக்கு இஸ்திரி போடும் பெண்ணிடமும் மகளின் உலகப் பயணங்களை நாடு நாடாக ஒப்பித்திருந்தார். "எட்டு வயசுல கண்ணாடி முன்னால நின்னு, சீப்பை வெச்சுக்கிட்டு ரேடியோவையே நடத்துவா. ரேடியோ அப்படியே கேக்கும்!" என்று அவர் சொல்வது நடைபாதையில் வந்துகொண்டிருந்த மகளின் காதிலும் விழுந்தது. கோபமும் வந்தது, கண்ணும் நிறைந்தது. இப்படி ஒரு மனுஷனிடம் எதைச் சொல்லி, தங்கியிருக்கும் அறையிலேயே இருங்கள் என்பது?

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரை மேடைக்குப் பக்கவாட்டில், திரை மறைவில், ஒரு மர நாற்காலியில் உட்காரவைத்தாள். அங்கிருந்து அவருக்கு மகள் தெரிவாள். பார்வையாளர் கண்ணுக்கோ இசைக்குழு கண்ணுக்கோ அவர் தெரியமாட்டார்.

"கையைக் கட்டிக்கிட்டு உக்காரணும்பா."

"கட்டியாச்சு."

நம்பிக்கை வராமல் தன்னுடைய கோட்டை ஒரு கையிலும் கைப்பையை மறு கையிலும் கொடுத்தாள்.

"ரெண்டையும் கீழ வைக்கக் கூடாது."

"உசிரே போனாலும் வைக்க மாட்டேன். நீ போய் ஜெயிச்சுட்டு வா ராஜாத்தி."

திரை எழுந்தது. முதல் அங்கம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. கதாநாயகி அவளையே பார்த்துப் பாடினாள். இரண்டாவது அங்கத்தில் முரசு சரியான இடத்தில் இடித்தது. நிர்வாகியம்மா முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருப்பதாக முதல் வயலின்காரர் இடைவேளையில் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

மீதி இருந்தது மூன்றாவது அங்கத்தின் கண்டம். கப்பல் திரும்பி வருகிறது. கதாநாயகி ஜன்னலில் நிற்கிறாள். தூரத்தில் ஊர்மக்கள் பாடுவது கேட்கவேண்டும். அந்தக் கோரஸ் மேடைமீது வராது, செட்டுச் சுவருக்குப் பின்னால் நின்று பாடும். நடத்துநரை அவர்கள் நேரில் பார்க்க முடியாது என்பதால் ஒரு சின்ன டி.வி.யில் அவள் கையைக் காட்டுவார்கள்; அதில் கை எப்போதும் ஒரு நொடி பிந்தித்தான் தெரியும். அதைப் பார்த்து அவர்கள் பாடி, அந்தப் பாட்டு சுவரைத் தாண்டி அரங்கத்துக்கு வருவதற்குள் இசைக்குழு அடுத்த வரிக்குப் போயிருக்கும். எல்லா ஒத்திகையிலும் இதே கூத்துதான். இந்த அரங்கத்தில் அது காலங்காலமாக உள்ள வியாதி என்று எல்லோருமே கைவிட்டிருந்தார்கள்.

அந்த இடம் நெருங்கும்போது அவள் தற்செயலாகப் பக்கவாட்டில் பார்த்தாள். மர நாற்காலியில் கோட்டு உட்கார்ந்திருந்தது. அதன்மேல் கைப்பை இருந்தது. அப்பாவைக் காணோம்.

அவளுக்குப் பகீரென்றது. இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது ஒரு மனுஷி எப்படித் தலையில் கை வைத்துக்கொள்வது? அடுத்த கணம் செட்டுச் சுவரின் ஓரத்தில் ஒரு முழங்கை தெரிந்தது. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. பிறகு அப்பாவின் முகமும் தெரிந்தது. அவர் வைத்த கண் வாங்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணை உருட்டி முறைத்தாள். அவர் 'புரிஞ்சது' என்பதுபோலத் தலையாட்டிவிட்டு இன்னும் வேகமாக வீசினார். வீடு போச்சு, அறை போச்சு, மறுபடி சூட்கேஸ்தான் என்று நினைத்தபடி கோரஸுக்குக் கை காட்டினாள்.

கோரஸ் வந்தது. முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. அவள் கை இறங்கிய அதே நொடியில், கடல் தாண்டி வருவதுபோல அத்தனை குரலும் ஒன்றாக வந்து இசைக்குழுவோடு சேர்ந்தது. வயலின்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கதாநாயகி ஜன்னலில் நின்று நிஜமாகவே அழுதாள்.

திரை விழுந்தபோது அரங்கமே எழுந்து நின்றது. நிர்வாகியம்மா காத்திருக்கப் பொறுக்காமல் மேடைக்கே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் கோரஸை என்னம்மா பண்ணினீங்க? எனக்குத் தெரிஞ்சு இங்க அது சேந்து வந்ததே இல்ல. இனிமே நீங்கதான் எங்க தலைமை நடத்துநர். வேற ஊருக்கு விடமாட்டோம்!"

சந்தோஷத்தில் அவள் நிர்வாகியம்மாவின் கையைக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினாள். கோபம் வந்தது திரை மறைவுக்குப் போனபிறகுதான். அப்பா கோட்டை ஒரு கையிலும் கைப்பையை மறு கையிலும் பிடித்தபடி, வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பையனைப்போல நின்றார்.

"உசிரே போனாலும் கீழ வைக்க மாட்டேன்னீங்களேப்பா!"

"அது வந்து குட்டி, அங்க என்னாச்சுன்னா..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். மேடைக்குப் பக்கத்துல நின்னு கையை வீசறீங்க! என் பொழப்பே போயிருக்கும். நல்லவேளை, கோரஸ் என்னைப் பாத்துப் பாடிச்சு, பொழச்சேன்."

அப்பா வாயைத் திறந்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். வேலை கிடைத்த மகிழ்ச்சி அதில் அப்படியே இருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"ஆமாம்மா. உன்னைப் பாத்துத்தான் பாடினாங்க. உலகமே உன்னைப் பாத்துத்தானே பாடுது," என்றார்.

"நாளைலேர்ந்து நீங்க புது வீட்டுல ஜம்முனு உக்காந்து ஓய்வெடுங்க. இந்தப் பக்கமே வரக் கூடாது."

"வரல."

அப்போது கோரஸில் ஊர்க்காரி வேஷம் போட்ட ஒரு பெண்மணி மூச்சிரைக்க ஓடி வந்தாள். நடத்துநருக்கு ஓர் அவசர வணக்கத்தை வைத்துவிட்டு அப்பாவின் இரண்டு கைகளையும், கோட்டு, கைப்பையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, நாளைக்கும் நீங்க அதே இடத்துல வந்து நின்னுடுங்க. எங்க டி.வி. இன்னும் சரியாகல, அது மூணாவது அங்கம் ஆரம்பிக்கும்போதே அணைஞ்சு போச்சு, கடைசிவரைக்கும் நாங்க எல்லாரும் உங்க கையைப் பாத்துத்தான் பாடினோம்!"