வெள்ளிக்கிழமை மூன்று மணி போன்

கம்ப்யூட்டர் என்னை வீட்டுக்கு அனுப்புவதற்குள் கம்ப்யூட்டரை ஜெயித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

எண்பத்தெட்டாம் வருஷம். மலை எஸ்டேட் ஆபீசில் நான் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. சம்பளக் கணக்குப் போடும் கம்ப்யூட்டர் என் பொறுப்பு. அதில் எதையாவது மாற்றுவதென்றால் கோலாலம்பூர் தலைமை ஆபீசிலிருந்து போன் கம்பி வழியாகவே அனுப்பிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அங்கிருக்கும் கம்ப்யூட்டர் கூப்பிடும், இது எடுக்கும். லைன் கிடைக்காவிட்டால் ஐந்து மணிவரை விடாமல் கூப்பிடும், அப்புறம் அடுத்த வெள்ளிதான். நடுவில் மனுஷனுக்கு வேலையில்லை.

அடுத்து வரும் புது ப்ரோகிராம் வயதைப் பார்க்கும் என்று கடிதம் வந்தது. ஐம்பத்தைந்து தாண்டிய பெயரைச் சம்பளப் பட்டியலிலிருந்து அதுவே அடித்துவிடுமாம். எனக்கு ஐம்பத்தேழு. புது மேனேஜர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. வேலை போனால் எஸ்டேட் வீடும் போகும்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு முன்னாலேயே ரிசீவரை எடுத்து மேசைமேல் கிடத்தினேன். ஐந்து மணிக்கு மேல் திரும்ப வைத்தேன். திங்கட்கிழமை கோலாலம்பூரில் கேட்டார்கள்.

"மழை. மண் சரிஞ்சு கம்பி அறுந்துபோச்சு" என்றேன்.

ஆறு வாரம் மண் சரிந்தது. இந்த மலையில் அத்தனை மண் கிடையாது.

பெருமை தாங்காமல் மனைவி அம்சவல்லியிடம் சொன்னேன். புத்தி கெட்ட வேலை.

"போனைத் தூக்கி வச்சா வராதா?"

"வராது."

"திரும்ப வச்சா?"

"அஞ்சு மணிக்குள்ள வச்சா வந்துரும். வாய மூடிக்கிட்டு இரு."

"ரிங்லெட்ல சீதா வீட்டுக்குப் பக்கத்துல ஒரு வாடகை வீடு பாத்து வச்சிருக்கேங்க. கீழ போனா என் இருமல் நிக்கும்."

"மக வீட்டு வாசல்ல போயி குந்தச் சொல்றியா?"

"குந்த வேணாம். நாற்காலி போடுவா லா."

"இருமலுக்குக் கம்பளி போத்திக்க."

"ஏழு மாசமா போத்திக்கிட்டுத்தான் இருமுறேன்."

ஏழாவது வெள்ளி. ரிசீவரைக் கிடத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஆபீஸ் வாசலில் அம்சவல்லி. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

"மருந்து... வீட்ல..."

ஓடினேன். முப்பது வருஷத்தில் அந்த மேட்டில் நான் ஓடியது அன்றுதான். அலமாரியில் இல்லை. அடுப்படியில் இல்லை. சாமி படத்துக்குப் பின்னால்கூட இல்லை. வெறுங்கையோடு திரும்பினேன்.

என் நாற்காலியில் அவள். மடியில் மருந்து பாட்டில். ரிசீவர் போன்மேல் ஒழுங்காக இருந்தது.

"மருந்து?"

"மடியிலயே இருந்துச்சு. மறந்துட்டேன்."

"போனு?"

"மேசையில கெடந்துச்சு. பாக்க நல்லால்ல. எடுத்து வச்சேன்."

"கம்ப்யூட்டர்?"

"கீய்ன்னு கத்துச்சு. பாவம், ஆறு வாரமா காத்துக்கிட்டு இருந்திருக்கு. நான் தொடவே இல்லைங்க."

மாசக் கடைசிப் பட்டியலில் என் பெயர் இல்லை. அதை அச்சடித்து மேனேஜரிடம் கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான்.

லாரியில் சாமான் ஏற்றி ரிங்லெட்டுக்கு இறங்கினோம். வழிநெடுக அவள் இருமினாள்.

சொன்னபடியே இருமல் நின்றது. ஐந்தாவது வாரம். மூச்சும் சேர்ந்து நின்றது.

காரியம் முடிந்த மறுநாள் மகள் சீதா சோறு கொண்டுவந்தாள். யார்மேல் என்று தெரியாத கோபம் எனக்கு. கத்தினேன்.

"ஒரே ஒரு ரூமு! ரெண்டு பேர் இருக்கிற வீடா இது? உங்கம்மாவுக்கு வீடு பாக்கத் தெரியுமா?"

சீதா தட்டை வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"தாப்பா ஆஸ்பத்திரி டாக்டரு கைவிரிச்ச அன்னிக்கே பாத்த வீடுப்பா. ஒரு ஆளுக்கு இது போதும்னு அம்மாதான் சொன்னாங்க."