உஷ் மெக்கானிக்கும் ஒரு கூடை இறால் ஐஸும்

பழவேற்காட்டில் பிறந்தவர்கள் கடலைக் கண்டு பயந்திருக்கிறார்கள், கும்பிட்டிருக்கிறார்கள், திட்டியும் இருக்கிறார்கள். கடலைப் பார்த்து வாயை மூடச் சொன்னவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். கரையில் ஒரு மோட்டார் லாஞ்சின் இன்ஜினுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்த அந்த மனிதர், அலை இரைச்சல் தாங்காமல் சட்டென்று திரும்பி, உதட்டில் விரலை வைத்து, "உஷ்! ரெண்டு நிமிசம் சும்மா இரேன்" என்றார். அன்று கரையில் இருந்தவர்கள் அலை நின்றதாகவே சத்தியம் செய்வார்கள். நான் செய்யமாட்டேன். கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான்.

அவருக்கு உஷ் மெக்கானிக் என்று பெயர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். ஏரிக்கு நடுவே இருக்கும் பசியாவரத்திலிருந்து தினமும் படகில் வருவார். கையில் ஒரே ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவர். அதன் நுனியை இன்ஜின்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் பக்கத்தில் யாராவது தும்மினால்கூட அவருக்குப் பகையாளிதான்.

ஒரு கல்யாண வீட்டில் ஜெனரேட்டர் முக்கி முனகியது. இவரைக் கூப்பிட்டார்கள். சரியாகத் தாலி கட்டும் நேரத்தில் கையைத் தூக்கி "உஷ்!" என்றார். நாயனம் நின்றது, தவில் நின்றது, மந்திரமும் நின்றது. மாப்பிள்ளை தாலியைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். இரண்டு நிமிடத்தில் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டு, "ம், இப்போ கட்டு" என்றார் உஷ் மெக்கானிக். முகூர்த்தம் தாண்டிவிட்டது என்று பெண்ணின் அப்பா குதித்தார். அந்தத் தம்பதிக்கு இன்று பேரன் இருக்கிறான்.

அவருடைய வைத்தியமுறை ரொம்ப எளிது. ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் டீசல் குழாயை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார். சத்தம் மாறினால் அந்தச் சிலிண்டர் உழைக்கிறது என்று அர்த்தம். மாறவில்லை என்றால் அதுதான் படுத்துவிட்டது. "உழைக்கிறவன நிறுத்துனா வூடே கத்தும் தம்பி. தண்டச்சோத்த நிறுத்துனா ஒருத்தனும் கண்டுக்கமாட்டான்" என்பார். என்னைப் பார்த்துக்கொண்டுதான் சொல்வார். நான் அப்போது பி.காம். முடித்து மூன்று வருடமாக வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் வாப்பாவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. காரணம் உண்டு. ஒருநாள் கடைத்தெருவில் வாப்பா இருமியபோது, உஷ் மெக்கானிக் நாலு பேர் முன்னால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "பாய், ரெண்டாவது சிலிண்டர் அடிக்கல. பீடிய வுட்ருங்க" என்றார். வாப்பா பீடியை விடவில்லை. அவரோடு பேசுவதை விட்டுவிட்டார்.

இந்த நிலையில்தான் எண்பதுகளின் கடைசியில், சிங்கப்பூரில் கடை வைத்திருந்த என் மாமா ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கினார். நல்ல காற்று படும் இடத்தில் வையுங்கள் என்று சொல்லிவிட்டு விமானமேறினார். வாப்பா அதை ஏரியைப் பார்த்த ஜன்னலருகே வைத்தார். உப்புக்காற்று அள்ளிக்கொண்டு வந்தது. கண் பட்டுவிடக் கூடாது என்று உம்மா வியாழக்கிழமைதோறும் அதற்குச் சாம்பிராணிப் புகை போட்டாள். பெட்டிக்குள் இருந்த மின்விசிறி அந்தப் புகையைப் பக்தியோடு உள்ளே இழுத்துக்கொண்டது.

நான் அதில் புள்ளி புள்ளியாய் வைத்துத் தமிழ் எழுத்து வரைய ஒரு புரோகிராம் எழுதினேன். எட்டு மாத வேலை. செய்தி எப்படியோ பொன்னேரியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஓர் அச்சக முதலாளிக்குப் போனது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்தபின் வீட்டுக்கே வந்து பார்ப்பதாகவும், பிடித்தால் அங்கேயே வேலை என்றும் சொல்லி அனுப்பினார். பிடிக்காவிட்டால் சிங்கப்பூர். மாமா கடையில் மூட்டை பிரிக்க என்னை அனுப்ப வாப்பா பாஸ்போர்ட் படிவம்வரை வாங்கி வைத்திருந்தார்.

புதன்கிழமை காலை திரையில் கோடு கோடாக வந்தது. 'அ' பாய் முடைந்தது போல ஆனது. பிறகு அதுவும் போய் ஒரே இருட்டு. பெட்டியை நிறுத்திப் போட்டால் ஒரு நீளக் கூவல், இரண்டு குட்டைக் கூவல், அதோடு சரி. பொன்னேரியிலிருந்து வந்த டி.வி. மெக்கானிக் திரையைத் தட்டிப் பார்த்து, பிக்சர் டியூப் போய்விட்டது, பட்டணம் கொண்டுபோனால் ஒரு மாதம் ஆகும் என்றார். நான் அழவில்லை. உம்மா எனக்கும் சேர்த்து அழுதாள்.

வியாழக்கிழமை காலை வாப்பா செருப்பை மாட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது பின்னால் உஷ் மெக்கானிக் வந்தார். இருவரும் வழியில் ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டார்கள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"உஷ்!" உம்மா அழுகையை நிறுத்தினாள். பெட்டி கூவியது. ஒரு நீளம், இரண்டு குட்டை.

"டி.வி. நல்லாத்தான் கீது. பொட்டி இன்னாத்தையோ காணோம்னு சொல்லுது" என்றார். மூடியைக் கழற்றச் சொன்னார். அப்புறம் அவருடைய வைத்தியம் ஆரம்பமானது. கீபோர்டைப் பிடுங்கிப் போட்டோம். கூடவே இன்னொரு கூவல் சேர்ந்தது. "இவன் உழைக்கிறான்." டிஸ்க் ஓட்டும் பகுதியைப் பிடுங்கினோம், உறுமல் நின்றது. "இவனும் உழைக்கிறான்." கடைசியில் திரைக்குப் படம் அனுப்பும் அட்டையை, இப்போது கிராபிக்ஸ் கார்டு என்கிறோமே, அதைப் பிடுங்கினோம். அதே ஒரு நீளம், அதே இரண்டு குட்டை. துளி மாற்றமில்லை.

உஷ் மெக்கானிக் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியா, இருந்தாலும் இல்லன்னாலும் ஒண்ணு. இவன்தான் தண்டச்சோறு."

அட்டையை மூக்கருகே கொண்டுபோனார். "இத்துக்கு யாரு சாம்பிராணி போட்டது?"

"கண்ணு பட்டுடக் கூடாதுன்னு..." என்றாள் உம்மா உள்ளேயிருந்து.

"கண்ணு படல. மூச்சு முட்டிக்கிச்சு."

கரியைத் துடைத்துப் போட்டதும் படம் வந்தது. நான் குதித்தேன். ஐந்தாவது நிமிடம் மறுபடி கோடு வந்தது. அவர் விரலால் அட்டையைத் தொட்டுப் பார்த்து, கையை உதறினார். பிறகு விறுவிறுவென்று வெளியே போய், இறால் ஏலம் நடக்கும் இடத்திலிருந்து ஒரு கூடை ஐஸோடு வந்தார். ஒரு ஐஸ் துண்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, துணி சுற்றி, அட்டையில் இருந்த கறுப்புச் சில்லுகள்மேல் ஒவ்வொன்றாக வைத்தார். மூலையிலிருந்த ஒன்றின்மேல் வைத்ததும் கோடெல்லாம் மறைந்து என் 'அ' பளிச்சென்று நின்றது. வீடு முழுக்க இறால் நாற்றம். எனக்கு அத்தர் மாதிரி மணந்தது.

"அண்ணே, வேற கார்டு சிங்கப்பூர்லேர்ந்து வர ரெண்டு மாசம் ஆவும். நாளைக்கு மொதலாளி வர்றார்."

"வரட்டும். நான் பின்னாடி குந்திக்கினு ஐஸ் புட்சிக்கிறேன்."

வெள்ளிக்கிழமை மேசைக்குப் பின்னால் ஒரு கட்டில் விரிப்பைத் திரையாகக் கட்டினோம். உள்ளே உஷ் மெக்கானிக், ஐஸ் கூடை, திறந்த பெட்டி. முதலாளி வந்தார். முஸ்லிம் வீடு, திரை கட்டியிருக்கிறது என்றால் பின்னால் பெண்கள் இருக்கிறார்கள் என்று அவராகவே முடிவு செய்துகொண்டு, மரியாதையாகப் பார்வையைத் தாழ்த்தி, நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். நாங்கள் மறுத்துச் சொல்லவில்லை.

"'ழ' வருமா தம்பி?"

வந்தது. முதலாளிக்கு முகம் மலர்ந்தது. அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது. தன் பெயரைப் போடச் சொன்னார். அச்சகத்தின் பெயர், மனைவி பெயர், மூத்த பெண், நடுப் பெண், இளைய பெண், மூன்று மருமகன்கள் என்று அவருடைய வம்சமே வரிசையில் நின்றது. என் புரோகிராம் ஒரு எழுத்தை எழுதி முடிப்பதற்குள் ஒருவர் டீ குடித்துவிடலாம். கூடையில் ஐஸ் கரையும் சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

திடீரென்று திரைக்குப் பின்னாலிருந்து கனத்த ஓர் இருமல்.

முதலாளி குரலைத் தணித்துக்கொண்டார். "வீட்ல பெரியம்மாவுக்கு உடம்பு முடியலையா பாய்?"

வாழ்நாளில் பொய்யே சொல்லாத என் வாப்பா கண்ணிமைக்காமல் சொன்னார்: "ஆமா. நெஞ்சு சளி. ரொம்ப நாளா."

இரண்டாவது மருமகனின் பெயரில் பாதி வரும்போது திரையின் ஓரத்தில் கோடுகள் முளைக்க ஆரம்பித்தன. சிவப்பு, பச்சை, அலை அலையாக நாலு பக்கமும் ஏறின. போச்சு, சிங்கப்பூர்தான்.

முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "அடேயப்பா! சொல்லாமலே ஓரத்துல பார்டரும் போடுதே! கல்யாணப் பத்திரிகைக்கு இதுதாண்டா வேணும்! தம்பி, நிறுத்துங்க, போதும். திங்கக்கிழமை வந்துடுங்க."

அவர் தெருமுனை தாண்டியதும் விரிப்பை இழுத்தேன். கூடையில் வெறும் தண்ணீர். கையில் மிச்சமிருந்த நெல்லிக்காய் அளவு ஐஸை உஷ் மெக்கானிக் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தார். விரல்கள் வெளுத்துச் சுருங்கி, மடக்க முடியாமல் நீட்டிக்கொண்டு நின்றன. ஒன்றரை மணி நேரம். துணி நனைந்ததும் அதையும் எடுத்துவிட்டுப் பையை வெறுங்கையில் பிடித்திருந்திருக்கிறார்.

"வந்துச்சா?" என்றார்.

"வந்துச்சுண்ணே. திங்கக்கிழமை வேலைக்கு வரச் சொல்லிட்டார்."

"அத்த நானும் கேட்டேன். எழுத்து எப்டி இருந்துச்சுன்னு கேக்கறேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று வந்த எழுத்தையெல்லாம் வீட்டிலிருந்த எல்லோரும் பார்த்தார்கள். அவர் மட்டும் பெட்டியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து முன்பக்கம் வருவதற்குள் திரை முழுக்க இருண்டுவிட்டது.

"அழகா இருந்துச்சுண்ணே" என்றேன்.

வாப்பா தன் தோள் துண்டை எடுத்து நீட்டினார். நான் அதில் உஷ் மெக்கானிக்கின் கையைச் சுற்றித் தேய்த்துவிட்டேன். அந்த விரல்களில் உணர்வு திரும்ப ரொம்ப நேரம் பிடித்தது. திரும்பிய பிறகும் அந்தக் கையை விட எனக்கு மனசு வரவில்லை.