குட்டையை வடிக்கப் போன கதை

இருபத்து மூன்று வயதில் அரசாங்க உத்தியோகமும் புது சைக்கிளும் ஒன்றாகக் கிடைத்தால் எவனுக்கும் ஊரைத் திருத்தும் ஆசை வந்துவிடும். எனக்கு அது கீழ்வேளூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வந்தது. கிராம சேவக் வேலை. விவசாயிகளுக்கு விதை, உரம் பற்றி யோசனை சொல்ல வேண்டும். (அதுவரை நான் பயிரிட்டது, திருவையாற்று வீட்டில் ஒரு தொட்டிக் கொத்தமல்லி. அதுவும் கருகிவிட்டது.)

கூலிப் போராட்டம் சூடாக இருந்த காலம். மிராசுதார் வைத்திலிங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவர் பக்கிரிசாமியும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. கூலி போக இன்னொரு தகராறும் இருந்தது. மிராசுதாரின் வயலுக்கும் தொழிலாளர் தெருவுக்கும் நடுவே ஒரு பள்ளம்.

"எம் பட்டா நெலம்" என்பார் மிராசுதார்.

"புறம்போக்குக் குட்டைங்க. நாங்க மீன் புடிக்கிற எடம், கோரை அறுக்கிற எடம்" என்பார் பக்கிரிசாமி.

நான் அதை முதலில் பார்த்தது சித்திரையில். வெடித்துக் கிடந்த தரையில் ஆடுகள் படுத்திருந்தன. இது குட்டையே இல்லை, வீணாய்க் கிடக்கும் நிலம் என்று அந்த நிமிடமே முடிவு கட்டினேன். ஐப்பசியில் அங்கே முழங்காலளவு தண்ணீர் நின்றபோதும் என் முடிவு அசையவில்லை. கரையை வெட்டிப் பக்கத்து வடிகாலில் தண்ணீரை விட்டால் போயிற்று! பாதி நிலம் மிராசுதாருக்கு, மறுபாதி, நிலமில்லாதவர்களுக்கு. சண்டை தீரும், நெல் விளையும், எனக்குப் பதவி உயர்வு வரும்.

பாதியாவது கைக்கு வரட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ, இருவருமே சம்மதித்துவிட்டார்கள். மேலதிகாரியை அழைத்தேன். குட்டையோரம் பந்தல், நாற்காலிகள். மழையில் நனைந்தபடி நின்ற ஊரார் முன்னால் முழங்கினேன்.

"இன்றோடு இந்தத் தண்ணீர் வெளியேறும்!"

மண்வெட்டியை வாங்கி, ஆட்கள் முன்பே வெட்டியது போகக் கரையில் மிச்சமிருந்த மண்ணை நானே வெட்டினேன்.

தண்ணீர் உள்ளே வந்தது.

மழையில் நிரம்பியிருந்த வடிகாலின் மட்டம், குட்டையைவிட உயரம். (எட்டிப் பார்த்தாலே தெரிந்திருக்கும். நான் பேச்சு எழுதுவதில் மும்முரமாக இருந்துவிட்டேன்.) மேலதிகாரி நாற்காலிமேல் ஏறினார். அவர் ஏறிய நாற்காலி சரிந்தது. மற்றவை மிதந்து போயின.

அதற்குள் உடைப்பு அகலமாகி, தண்ணீர் ஒருபுறம் குடிசைகளையும் மறுபுறம் மிராசுதாரின் நாற்றங்காலையும் பார்க்கப் புறப்பட்டது. பக்கிரிசாமி உடைப்பில் குதித்து நின்று கத்தினார்.

"ஒங்க வைக்கப்போரு வேணுங்க!"

"எடுத்துக்கப்பா, முழுசா எடுத்துக்க!" என்று கத்திக்கொண்டே மிராசுதாரும் வேட்டியை வரிந்து கட்டி இறங்கினார்.

வைக்கோல் கட்டுகளையும் வெட்டிய வாழைமரங்களையும் போட்டு, மேலே மண்ணைக் கொட்டினார்கள். நானும் சுமந்தேன். (என் தலையிலிருந்த மண்ணில் பாதி என் சட்டைக்குள்தான் போயிற்று.) இருட்டுவதற்குள் உடைப்பு அடைபட்டது. குடிசை எதுவும் விழவில்லை. நாற்றும் தப்பியது. இடுப்பளவு சேற்றில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்த இருவரும் அன்றைக்குத்தான் ஒரே பேச்சாகப் பேசினார்கள்.

"இனிமே இந்தக் குட்டைய யாரும் தொடக் கூடாதுங்க" என்றார் பக்கிரிசாமி.

மிராசுதார் என்னைக் காட்டினார். "முக்கியமா இவரு."

கூலிச் சண்டை அதன் பாட்டுக்குத் தொடர்ந்தது. ஆனால் குட்டை குட்டையாகவே நின்றது. மீனும் கோரையும் தெருவுக்கு, மழைத் தண்ணீர் வந்து தங்க இடம் எல்லோருக்கும் என்றானது. எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது.

நான் போகுமிடமெல்லாம் கதை எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. பெண் பார்க்கப் போன வீட்டில் வருங்கால மாமனார், "குட்டைக்குள்ள தண்ணி வுட்டது நீங்கதானாமே?" என்று விசாரித்துவிட்டுத்தான் காபியே கொடுக்கச் சொன்னார். கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

அந்தச் சிரிப்பு இன்னும் ஓயவில்லை. சமையலறைக் குழாய் ஒழுகுகிறதென்று நான் ஸ்பானரை எடுத்தால் போதும். என் மனைவி அரிசி மூட்டையை நகர்த்துவாள், பேரனைத் தூக்கி மேசைமேல் உட்கார வைப்பாள், தன் புடவையையும் தூக்கிச் செருகிக்கொள்வாள்.

"ம், இப்ப வெட்டுங்க" என்பாள்.