டெலஸ்கோப் அண்ணாச்சியின் மிரட்டல்கள்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், கொடைக்கானலில் யார் தலை நிமிர்ந்து நடக்கலாம், யார் நடக்கக்கூடாது என்பதை ஒரே ஒரு மனிதர்தான் தீர்மானித்தார். அவருக்குப் பதவி எதுவும் கிடையாது. ஒரு டெலஸ்கோப் இருந்தது.

பள்ளத்தாக்கின் விளிம்பில் சுற்றுலா வருபவர்களுக்கு அதைக் காட்டிப் பிழைத்தவர். நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. டெலஸ்கோப் அண்ணாச்சி, அவ்வளவுதான். வானம் தெளிந்திருந்தால் கீழே பெரியகுளத்தைக் காட்டுவார். பனி மூடிவிட்டால் அந்த வெள்ளையையே காட்டி, வைகை அணை என்பார். ஆள் வராத நேரத்தில் குழாயை ஊர்ப்பக்கம் திருப்பிவிடுவார். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

நான் அப்போது ஒரு லாட்ஜில் ரிசப்ஷனிஸ்ட். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக் குனிந்து, "வெல்கம் மேடம்" என்று இங்கிலீஷ் பழகிக்கொண்டிருந்ததை அவர் பார்த்துவிட்டார். மறுநாள் பஜாரில் என் தோளில் கை விழுந்தது.

"தொட்டி மேடம் சௌக்கியமா? நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன்ப்பா. சாயங்காலம் டீக்கடைக்கு வந்துரு."

டீ அவர் செலவு. அவர் கண்ட கனவுகளைக் கேட்பது என் வேலை. எல்லாக் கனவிலும் ஒரு யானை வரும். வந்து எதுவுமே செய்யாது.

சர்ச்சில் பாட்டுக்குழுவை நடத்திய வாத்தியார், மனைவிக்குத் தெரியாமல் பின்சுவரில் சாய்ந்து சுருட்டுப் பிடிப்பார். அவரிடம் அண்ணாச்சி கேட்டது, கிறிஸ்துமஸ் ஆராதனையில் தான் பாட ஒரு தனிப்பாட்டு. பாடினார். முழங்காலில் நின்று கண்ணை மூடியிருந்த பலர், பாட்டு முடிந்த பிறகும் வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை.

ஆக, ஊரே ஏதோ ஒரு வகையில் அவருக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தது. யாரிடமும் அவர் காசு கேட்டதில்லை என்பதால் நாங்களும் சிரித்துக்கொண்டே சகித்தோம். சிரிக்க முடியாமல் போனவர் சேவியர் அண்ணன்.

அவருக்கு ஏரிப்பக்கம் சாக்லேட் கடை. எல்லாம் வீட்டிலேயே செய்தது என்று போர்டு. உண்மையில் சரக்கு, ஒட்டன்சத்திரத்திலிருந்து காய்கறி லாரியில் அட்டைப்பெட்டிகளாக ஏறி வந்தது. பெட்டிகள் இறங்குவதை அண்ணாச்சி பார்த்துவிட்டார். அவருடைய நிபந்தனை, தினமும் சாயங்காலம் தன்னோடு கேரம் விளையாட வேண்டும். டூரிஸ்ட் பஸ்கள் வந்து நிற்பதே சாயங்காலத்தில்தான். சேவியர் அண்ணன் கடையைப் பூட்டிவிட்டுப் போய் விளையாடினார். நாளாக ஆக ஆளே இளைத்துப்போனார்.

சீசன் நேரத்தில் ஒரு காலை, என்னையும் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். கேரம் விளையாடக் கூப்பிடுவதெல்லாம் ஒரு புகாரா என்று எஸ்.ஐ. விழுந்து விழுந்து சிரித்தார். இருந்தாலும் அண்ணாச்சியை அழைத்துவரச் சொன்னார்.

அண்ணாச்சி வக்கீல் மாதிரி வந்து நின்றார்.

"சார், நான் பாத்தது நெசம். நெசத்தச் சொன்னாக் குத்தமில்ல. சொல்லாம இருந்தாலும் குத்தமில்ல. ஒருத்தர விளையாடக் கூப்பிட்டாலும் குத்தமில்ல. தனித்தனியா குத்தமில்லாதது, சேத்து வச்சா மட்டும் எப்படிங்க குத்தமாகும்?"

இதில் ஒரு நியாயம் இருக்கிறதே என்று எஸ்.ஐ. தாடையைத் தடவினார். அதோடு நிறுத்தியிருந்தால் அண்ணாச்சி வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் உற்சாகத்தில் குரலைத் தாழ்த்தி, இன்னும் கொஞ்சம் பேசினார்.

"கீழ் ரோட்டுல எருமைமாட்டக் காட்டெருமைன்னு நெனச்சு ஜீப்பு மேல ஏறி நின்னீங்களே சார், அதக்கூட நான் யார்ட்டயும் சொல்லல. என்னைய அனுப்பி வச்சிருங்க."

ஸ்டேஷனில் இருந்த போலீஸ்காரர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள். எஸ்.ஐ.யின் முகம் போன போக்கைப் பார்த்தபோது, சட்டம் இதை ஏன் குற்றம் என்கிறது என்று அவருக்கு விளங்கிவிட்டது தெரிந்தது. "இதுக்குப் பேருதான்யா பிளாக்மெயில்" என்று எழுந்தே விட்டார்.

அண்ணாச்சிக்கு மட்டும் விளங்கவில்லை. எது குற்றம், உண்மையா, விளையாட்டா என்று மறுபடி கேட்டார். அதுவரை ஒதுங்கி நின்ற சேவியர் அண்ணன்தான் பதில் சொன்னார்.

"நீங்க ஊர்ல சொல்லியிருந்தா ஒரு நாள் சிரிச்சுட்டு அவங்கவங்க சோலியப் பாக்கப் போயிருப்பாங்க. கையில வச்சுக்கிட்டு எனக்கே காட்டிக் காட்டி வேல வாங்குறீங்க. கடைக்கு எவன் வந்தாலும் இவனுக்குத் தெரியுமோன்னு மூஞ்சியவே பாக்குறேன். பெத்த மக சிரிச்சாக்கூடப் பயமாக் கெடக்கு அண்ணாச்சி."

"நான் விளையாடத்தானேய்யா கூப்பிட்டேன்."

"முடியாதுன்னு சொல்ல எனக்கு வழி வச்சீங்களா?"

வக்கீல் மாதிரி நின்ற அண்ணாச்சி, பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வழக்குப் போட்டால் எருமையும் வாக்குமூலத்தில் ஏறிவிடும் என்பதால், எஸ்.ஐ. கடுமையாக எச்சரித்து அனுப்பினார்.

மறுநாள் வெள்ளனே அண்ணாச்சி வீடு வீடாகக் கிளம்பினார். இனி யாரும் தனக்காக எதுவும் செய்ய வேண்டாம், தானும் எதையும் சொல்லப்போவதில்லை என்று வாசலில் நின்று சொன்னார். ஊர் முன்னைவிட அதிகமாகப் பயந்தது. இது ஏதோ பெரிய திட்டம் என்று நினைத்த வாத்தியார், அன்றே மனைவியிடம் சுருட்டை ஒப்புக்கொண்டார். கல்யாணமான புதிதிலேயே வாசனை வந்துவிட்டது என்றார் அந்த அம்மா. சேவியர் அண்ணன் போர்டில் 'வீட்டிலேயே' என்ற சொல்லின் மேல் பெயின்ட் அடித்தார். வந்தவர்கள் போர்டைப் படிக்காமலே வாங்கிப் போனார்கள்.

சில வருடங்களில் அண்ணாச்சி மலையை விட்டிறங்கி, ஒட்டன்சத்திரத்தில் மகள் வீட்டோடு போய்விட்டார். அங்கே ஜன்னலைத் திறந்தால் வெங்காய மண்டியின் சுவர். லாட்ஜுக்குக் காய்கறி எடுக்க நான் மார்க்கெட் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். ஒவ்வொருவராக விசாரிப்பார். அத்தனை வருடம் எங்கள் எல்லோரையும் பார்த்த மனிதர், பார்த்ததில் ஒன்றைக்கூட யாரிடமும் சொன்னதில்லை.

கிளம்பும்போது வாசல்வரை வந்து, தவறாமல் ஒன்று சொல்வார். "வேற சோலி இருந்தா வரணும்னு இல்லப்பா. வராட்டியும் நான் ஒண்ணும் நெனைக்கமாட்டேன்."

அவரைப் பார்க்காமல் நான் ஒருநாளும் மலை ஏறியதில்லை.