உறைப்புவழி ஆங்கிலம்

கொள்ளுப்பிட்டியில் நிழல் மரங்கள் திணைக்களம் என்று ஒன்று இருக்கிறது. காலி வீதியில் எந்த மரத்தின் நிழல் எந்த நேரம் எங்கே விழுகிறது என்று கோப்பில் எழுதி வைப்பதுதான் அதன் வேலை. என் மனுசி கௌரி இருபத்திரண்டு வருடமாக அங்கே எழுதுவினைஞர். அவ லீவு போட்டாலும் நிழல் விழும், கோப்புத்தான் அசையாது.

போன மாசியில் அவ ஒரு சுற்றறிக்கையோடு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தா. முகம் செத்துக் கிடந்தது. வாங்கி வாசித்தேன்.

"இத்தால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், எமது உத்தியோகத்தர்களின் ஆங்கிலமானது தொண்டைக்கு மேலே மாத்திரம் காணப்படுவதாகவும், தொண்டைக்குக் கீழே வேறு மொழிகள் உரிய அனுமதியின்றி வசித்து வருவதாகவும் அவதானிக்கப்பட்டுள்ளது. நாக்கு எரியும்போது வாயில் வருவதே ஒருவரின் உண்மையான மொழியாகும். ஆகவே சகலரும் மூவர் கொண்ட குழுவின் முன்னிலையில் தரப்படுத்தப்பட்ட பச்சை மிளகாய் ஒன்றைக் கடித்து, தமது ஆங்கிலத்தை நிரூபித்தல் வேண்டும்."

சித்தியடைந்தால் ஏசி போட்ட முன் அறை. தவறினால் தெமட்டகொடையில் உள்ள பழைய கோப்புக் களஞ்சியம். அங்கே ஜன்னல் கிடையாது, தூசி மட்டும் தாராளம். கௌரிக்கு இழுப்பு. எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே துடைத்தாலே மூச்சுக்குப் பம்ப் அடிக்க வேணும். தெமட்டகொடையில் அவ ஒரு மாதம் தாங்கமாட்டா என்று எனக்குத் தெரியும்.

புள்ளித் திட்டமும் இணைத்திருந்தார்கள். 'ஓ மை கோட்' என்றால் அறுபது. 'குட்னஸ் கிரேஷஸ்' என்றால் தொண்ணூறு. 'ஐயோ' பூச்சியம், 'அம்மோ'வும் பூச்சியம். இந்த நாட்டில் தமிழுக்கும் சிங்களத்துக்கும் சரிசமமான இடம் கொடுத்த ஒரே ஆவணம் அதுதான். 'ஸ்ஸ்ஸ்' எந்த மொழி என்பது பரிசீலனையில் இருந்தது. ஒன்றும் சொல்லாமல் மென்று விழுங்குகிறவர் உறைப்பைத் தாங்கும் நாகரிகமற்றவராகக் கருதப்பட்டு நிராகரிக்கப்படுவார்.

"அதுதானப்பா என்ர பிரச்சினை," என்றா கௌரி. "எனக்கு மிளகாய் உறைக்காதே."

உண்மைதான். அவ பருத்தித்துறைக்காரி.

"உறைச்ச மாதிரி நடியுமன்."

"நடிச்சால் பிடிபட்டிடும். கண் சிவக்கிறதுக்கும் பத்துப் புள்ளி இருக்கு."

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் பாழாய்ப்போன என் மூளை வேலை செய்தது. ஒரு மாதம் உறைப்பை விட்டால் நாக்கு வெள்ளைக்காரன் நாக்காகிவிடும் என்று சொன்னேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவித்த உருளைக்கிழங்கு, அவித்த பூசணி, அவித்த முட்டை. தேர்வு அவவுக்கு, தண்டனை எனக்கும். முன் வீட்டு லுத்பியா கதவைத் திறந்தால் புரியாணி வாசம் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். ஒருநாள் அவ எங்கள் சாப்பாட்டுக் கோப்பையை எட்டிப் பார்த்துப் பயந்துபோனா.

"என்ன கௌரி அக்கா, ஊட்ல யாருக்கும் சொகமில்லயா?"

"இல்லை லுத்பியா, இங்கிலீஷ்."

எரியும்போது வாயில் தானாக இங்கிலீஷ் வர வேறு பயிற்சியும் தேவைப்பட்டது. அவ எதிர்பாராத நேரம் பார்த்து நான் காலை மிதிப்பேன். முதல் கிழமை "சனியன்!" என்றா. மூன்றாம் கிழமை "குட்... சனியன்!" நாலாம் கிழமை சுத்தமாக "குட்னஸ் கிரேஷஸ்!" எனக்கு ஆனந்தக் கண்ணீர் வந்தது.

தேர்வு நாள். நடந்ததைக் கௌரியும், குழுவின் செயலாளர் இப்திகாரும் சொல்லித்தான் எனக்குத் தெரியும். குழுத் தலைவர் பணிப்பாளர் பிறெடி. கொட்டாஞ்சேனையில் தமிழ்த் தாய்க்கும் தமிழ்த் தகப்பனுக்கும் பிறந்தவர். பயிற்சிக்கென்று மெல்பேணுக்கு மூன்று கிழமை போய், தமிழை முற்றாக மறந்துவிட்டு வந்தவர். மூன்று கிழமையில் மொழி படிப்பிக்கும் விளம்பரங்கள் பார்த்திருக்கிறேன். மூன்று கிழமையில் மறந்த ஆளை இவரில்தான் பார்த்தேன். மூன்றாவது உறுப்பினர் மிளகாயைத் தரப்படுத்தப் போய் மருத்துவ லீவில் இருந்தார்.

கௌரி கடித்தா. முதலில் காது அடைத்ததாம். பிறகு கண்ணில் இருட்டு. ஒரு மாதத்துப் பூசணிக்காயும் இருபத்திரண்டு வருடத்துக் கோப்பும் ஒன்றாய்ச் சேர்ந்து தொண்டைக்கு ஏறி வந்தது. மேசையில் ஓங்கி அடித்துக் கத்தினா:

"நாசமாய்ப் போங்கோ!"

அந்த எரிச்சலிலும் மேலதிகாரிகள் என்று 'போங்கோ' போட்டிருக்கிறா. வளர்ப்பு அப்படி.

பணிப்பாளரின் காது இரண்டும் சிவந்தன. கோபப்பட்டால் விளங்கிவிட்டது என்று அர்த்தம். விளங்கினால் தமிழ் தெரியும் என்று அர்த்தம். தமிழ் தெரிந்தால் மெல்பேண் போனதே வீண். பாவம், மனுசன் தொண்டையைச் செருமினார்.

"இப்திகார், வாட் லாங்குவேஜ் இஸ் தட்?"

இப்திகார் கௌரியைப் பார்த்தார். அவ ஒரு கையில் பம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தா.

"இங்கிலீஷ், சேர்."

"இங்கிலீஷ்?"

"'நாஸ்மை போய்ங்கோ', சேர். லண்டன்ல பழைய குடும்பங்கள்ல சொல்ற. சேருக்குத் தெரியாமலா?"

"ஒஃப் கோர்ஸ்," என்றார் பணிப்பாளர் பிறெடி. "வெரி ஓல்ட். வெரி, வெரி ஓல்ட்."

கௌரிக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து விம்மி விம்மி அழுதா. "தெமட்டகொடைதானப்பா, தெமட்டகொடைதான்." அந்தப் பூசணியை என் தலையிலேயே போட்டு உடைக்க வேணும் போல இருந்தது. உடனே சந்தைக்கு ஓடி அரைக் கிலோ மிளகாய்த்தூள் வாங்கி வந்து, நண்டுக் குழம்பு வைத்தேன். இரண்டு பேரும் ஒரு வாய் வைத்துவிட்டு மூக்கால் கண்ணால் ஒழுக உட்கார்ந்திருந்தோம். எங்கள் நாக்கும் போய்விட்டது.

அடுத்த திங்கள் கடிதம் வந்தது. தொண்ணூற்றெட்டுப் புள்ளி! 'ப்ளீஸ்' சொல்லாமல் தண்ணீர் எடுத்ததற்கு இரண்டு குறைத்திருந்தார்கள். கௌரி இப்போது முன் அறையில், ஏசிக்கு நேர் கீழே, நிம்மதியாக மூச்சு விடுகிறா.

இதோடு முடிந்திருந்தால் நான் ஏன் வாய் வலிக்கக் கதைக்கிறேன்? தனக்கு அந்தச் சொல் தெரியும் என்று காட்டாவிட்டால் சந்தேகம் வந்துவிடும் அல்லவா? பணிப்பாளர் காலைக் கூட்டத்தை அதிலேயே தொடங்கினார்: "குட் மோர்னிங்! நாஸ்மை போய்ங்கோ!" நூற்றுநாற்பது பேரும் எழும்பி நின்று, "சேம் டு யூ, சேர்!" என்றார்கள். திணைக்களத்தின் வரலாற்றிலேயே ஊழியர்கள் மனமாரச் சொன்ன வார்த்தை அதுதானாம். மறுமாதம் திருத்திய சுற்றறிக்கை வந்தது. மேற்படி சொற்றொடருக்கு நூறு புள்ளி.

பிறகு எங்கள் சனம் சும்மா இருக்குமா? வெள்ளவத்தையில் டியூஷன் நிலையங்கள் போர்ட் வைத்தன: 'மேல்தட்டு ஆங்கிலம், நான்கு வாரங்களில்.' பிள்ளைகளைச் சேர்க்க வரிசையில் நின்ற தகப்பன் ஒருவரிடம் கேட்டே விட்டேன்.

"அண்ணை, இது எங்கட சொல்லு மாதிரிக் கேக்கேல்லையோ?"

"ஓம், கொஞ்சம் அப்பிடித்தான் கிடக்கு," என்றார். "ஆனால் உச்சரிப்பு வேறதானே?"

நேற்று லிஃப்டில் ஏறினேன். உள்ளே லுத்பியாவும் அவவின் ஆறு வயது மகள் ஹிபாவும். பக்கத்தில் முப்பது வருடம் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்ற இராசரத்தினம் மாஸ்டர்.

"மகள், அங்கிளுக்குச் சொல்லிக் காட்டுங்க," என்றா லுத்பியா, முகமெல்லாம் பூரிப்பு.

பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்து, கையை அழகாக நீட்டி, "நாஸ்மை போய்ங்கோ, அங்கிள்!" என்றது.

"அக்சன்ட் திறம்," என்றார் மாஸ்டர்.

அது என்ன சொல், யார் வாயில் எப்படிப் பிறந்தது என்று அந்த லிஃப்டில் எனக்கு மட்டும்தான் முழுதாகத் தெரியும். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். மூன்று பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு இங்கிலீஷ் விளங்கவில்லையோ என்று.

"தேங்க் யூ," என்றேன்.